கண்ணாடியை இறக்குகிறவர்களுக்கு ஓட்டப் பழக்குதல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

ரவி என்னிடம் கேட்டது இரண்டு பக்கம். "அக்கா, நீங்கள்தான் றிற்றயர் ஆகிட்டியளே, சும்மா இருக்கிற நேரத்தில எங்கட புது இன்ஸ்ரக்ரர்மாருக்கு ஏதாவது எழுதித் தாங்கோவன்" என்றார். றிற்றயர் ஆனவர்கள் சும்மா இருப்பார்கள் என்று நம்புகிற ஒருவரிடம்தான் நீங்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். மற்றபடி நல்ல மனிதர். உங்களில் பாதிப்பேர் இங்கே கனடாவிலேயே பிறந்தவர்கள், தமிழ் வாசிக்கத் தடுமாறுவீர்கள். அப்படியானவர்களுக்கு ரவியே வாசித்துக் காட்டட்டும். இரண்டு பக்கத்தோடு நான் நிற்கவில்லை என்பதால் அவருக்கு அது ஒரு தண்டனையாகவும் இருக்கும்.

கார் நிறுத்துவதையும் பாதை மாற்றுவதையும் நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் படித்துப் பாஸ் பண்ணித்தான் வந்திருக்கிறீர்கள். மாணவர் நமக்குப் புரியாத ஒன்றைச் செய்யும்போது நாம் எப்படிச் சும்மா இருப்பது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அடக்கமாகச் சொல்லத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் கிழக்கே ரூஜ் பக்கம் புது வீடு வாங்கிவந்த எங்கள் அன்ரிமார், ஹோர்ன் அடிக்காவிட்டால் கை நடுங்கும் சென்னைக் கம்ப்யூட்டர்காரர்கள், காரை விமானமென்று நினைக்கும் பதினெட்டு வயதுக்காரர்கள் எல்லோருக்கும் ஓட்டப் பழக்கியிருக்கிறேன். அவர்களை விட்டுவிட்டு ஹனானைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஹனான் சிரியாவில் அலெப்போ நகரத்துப் பெண். அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். போர் நடந்த காலத்தில் துருக்கிக்கு ஓடி, அங்கிருந்து ஒரு தேவாலயக் குழு பொறுப்பேற்றுக் கூப்பிட, கணவன் நபீலோடும் மகளோடும் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தவள். இங்கே ஆங்கிலம் படித்து, மகளைப் படிக்கவைத்து, முதியவர்களை அவர்களுடைய வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் வேலைக்குப் பயிற்சி எடுத்து முடித்திருந்தாள். பக்கத்து ஊரான அஜக்ஸில் ஒரு பராமரிப்பு நிறுவனம் அவளை எடுக்கத் தயாராக இருந்தது. ஒரு நாளில் பல வீடுகளுக்குப் போகவேண்டும், பஸ்ஸில் போய் முடியாது. புது வருடத்துக்கு முன்னர் லைசென்ஸ் காட்டினால் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் அடுத்தவருக்கு. நாட்டைவிட்டு வெளிக்கிட்டபின் அவளுக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை அது.

என்னிடம் வருவதற்கு முன்னர் ரவியிடம் பழகியிருந்தாள். வீதியில் ஓட்டிக் காட்டும் பரீட்சையான ரோட் ரெஸ்ற்றில் இரண்டு முறை பெயில். இரண்டு முறையும் ஒரே காரணம்: தேவையில்லாமல் நடுவீதியில் நிறுத்தியது.

"உவவுக்குக் கொன்ஃபிடன்ஸ் இல்லை அக்கா," என்றார் ரவி. "நானும் எத்தினை தரம் சொல்லிப்போட்டன், இது கனடா, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ எண்டு. தலையை ஆட்டுறா. பிறகு பாத்தா திருப்பியும் நடுறோட்டில நிக்கிறா."

"எந்த இடத்தில நிக்கிறா?"

"இடமெண்டு ஒண்டுமில்லை அக்கா. நினைச்ச இடத்தில."

நினைத்த இடத்தில் காரை நிறுத்துகிற மனிதர் உலகத்தில் இல்லை. ஒவ்வொருவருக்கும் நிறுத்த ஒரு காரணம் இருக்கும். அவளை என்னிடம் விடுங்கள் என்று ரவியிடம் சொன்னேன்.

இலையெல்லாம் கொட்டி முடிந்த ஒரு காலைநேரம் முதல் பாடத்துக்குப் போனோம். அவள் கார் ஓடிய விதத்தைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். கணக்கு ரீச்சர் அல்லவா, இடைவெளி பிடிப்பதில் அளவு பிசகவில்லை. கண்ணாடிகளை ஒழுங்காகப் பார்க்கிறாள், திருப்பத்தில் கை குழம்பவில்லை. இவளையா பெயில் விட்டார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது முன்னால் வீதியைக் கிண்டி வேலை நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் அங்கி போட்ட ஒருவர் பலகையோடு நின்றார். பலகை, மெதுவாகப் போகலாம் என்றுதான் சொன்னது.

ஹனான் காரை நிறுத்தினாள். ரேடியோவை அணைத்தாள். நான்கு ஜன்னல் கண்ணாடிகளையும் இறக்கினாள். இரண்டு கைகளையும் ஸ்ரியரிங்கின் மேல்பக்கத்தில் விரல்களை விரித்து வைத்தாள். பிறகு முகத்தை அந்த மனிதர் பக்கம் திருப்பி, ஒரு அரைச் சிரிப்புச் சிரித்து, அரபியில் ஏதோ சொன்னாள். அவர் போகச்சொல்லிக் கை காட்டினார். அவள் அசையவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்கள். அவர் இன்னும் வேகமாகக் கை காட்டினார். அதற்கும் அசையவில்லை. கடைசியில் அவர் அலுத்துப்போய்த் தன் சக வேலையாளிடம் ஏதோ சொல்லத் திரும்பினார். அவருடைய கண் எங்களை விட்டுப் போனபின்தான் கார் நகர்ந்தது.

அந்த அரைச் சிரிப்பை எங்கே கண்டாலும் நான் அடையாளம் காண்பேன். யாழ்ப்பாணத்தில் சென்றி என்று நாங்கள் சொல்லும் காவலரணைக் கடக்கும்போது நானும் அதைச் சிரித்திருக்கிறேன். சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு போகும்போது சிரிக்கவேண்டிய சிரிப்பு அது. கொஞ்சம் கூடினால் நக்கல் அடிக்கிறாய் என்பான் அங்கே நிற்கும் ஆமிக்காரன், கொஞ்சம் குறைந்தால் முறைக்கிறாய் என்பான். இங்கே பிறந்த பிள்ளைகள் அம்மாவிடம் கேளுங்கள், சிரித்துக் காட்டுவார்.

அவள் நிறுத்தியிருந்த அந்த நேரம் முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. போ என்று சொல்லவில்லை. இது கனடா என்றும் சொல்லவில்லை. பிள்ளைகளே, தயவுசெய்து அந்த வசனத்தை உங்கள் மாணவர் ஒருவருக்கும் சொல்லாதீர்கள். இது கனடா என்பது அவர்களுக்குத் தெரியும். விமானத்தில் ஏறி, வரிசையில் நின்று, கையெழுத்து வைத்துத்தான் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய கைக்கும் காலுக்கும்தான் இன்னும் தெரியவில்லை.

ஒரு தேநீர்க்கடை வாசலில் காரை ஓரங்கட்டச் சொன்னேன். நாங்கள் இருவரும் பேசியது உடைந்த ஆங்கிலம். அதை அப்படியே எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அதனால் அவளுக்கும் நபீலுக்கும் என் ஊர்த் தமிழையே கொடுத்துவிடுகிறேன்.

"அந்த ஆளுக்கு என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஆண்டவன் உங்களுக்குப் பலம் தரட்டும் எண்டு. எங்கட ஊரில வேலை செய்துகொண்டிருக்கிற ஆரைக் கண்டாலும் சொல்லுறது."

"ஆமிக்காரனுக்கும் சொல்லுறதோ?"

"அவனுக்குத்தான் முதல் சொல்லவேணும்," என்றாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். போர் வந்தபோது நகரம் இரண்டாகிவிட்டது. வீடு ஒரு பக்கம், சம்பளம் கொடுக்கிற அலுவலகம் மற்றப் பக்கம். முன்பு பஸ்ஸில் ஏறி ஒரு பாட்டுக் கேட்டு முடிவதற்குள் போய்ச் சேரும் தூரத்துக்கு, ஊரைச் சுற்றி, வெறுங்காட்டு வழியாக, காவலரண் காவலரணாக நின்று போகவேண்டும். சம்பளத்தை நேரில் போய்த்தான் எடுக்கலாம். எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அதன் பெறுமதி இன்னும் இறங்கியிருக்கும். முட்டையும் காஸ் சிலிண்டரும் வாங்கினால் முடிந்தது. ஆனாலும் போகாமல் விட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் போனாள். அவளைக் கூட்டிக்கொண்டு போனது அவளுடைய தம்பி. டாக்ஸி ஓட்டுகிறவன்.

"ஒரு நாள் சரியான குளிர். நான்தான் கண்ணாடியை ஏத்தச் சொன்னனான்," என்றாள். "காவலரணில நில் எண்டு கத்தினது கேக்கேல்லை. தம்பியை இறக்கிக் கொண்டு போயிட்டாங்கள். குளிர்காலம் முடியத்தான் விட்டவங்கள். அதுக்குப் பிறகு அவன் ஸ்ரியரிங்கைத் தொடேல்லை. காரை வித்துப்போட்டு வீட்டிலயே இருக்கிறான்."

இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் ஒரு பிழை விடுவார்கள். நான் எத்தனையோ பேரிடம் கண்டிருக்கிறேன். "ஓமோம், எங்களுக்கும் உப்பிடித்தான்" என்று தொடங்கி, தங்கள் இடப்பெயர்வை, தங்கள் பங்கரை, தங்கள் ஷெல்லடியை அரைமணி நேரம் சொல்லுவார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்லுவார்கள். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சரி. ஆனால் நமக்கு வந்த காய்ச்சலைப் பற்றிச் சொல்வதால் அடுத்தவரின் காய்ச்சல் இறங்காது. நானும் வாய் கூடினவள்தான். அன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அது ஒன்றும் லேசான காரியமாக இருக்கவில்லை.

"அவருக்கு வாழ்த்துச் சொல்லுறதை விடவேண்டாம்," என்றேன். "நல்ல வாழ்த்து. கண்ணாடி மட்டும் மூடியிருக்கட்டும், கார் ஓடிக்கொண்டே இருக்கட்டும்."

அவ்வளவுதான் என் வைத்தியம். பழக்கத்தோடு மல்லுக்கட்டினால் பழக்கம்தான் வெல்லும். அதில் ஒரு துண்டை அவளிடமே விட்டுவிட்டு, மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றலாம் என்று நினைத்தேன். மற்ற மாணவர்களோடு வேலை நடக்கும் வீதிகளைத் தவிர்ப்பேன், ஹனானோடு தேடித்தேடிப் போனேன். ரொறன்ரோவில் அதற்குப் பஞ்சமா? மஞ்சள் அங்கி, செம்மஞ்சள் அங்கி, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைக் கடக்கவிடும் கிழவர், தண்டச்சீட்டு எழுதும் அதிகாரி, ஒருவரையும் விடவில்லை. ரவி கேட்டபோது, "ஆள் பிடிச்சுக்கொண்டு திரியிறம்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கவைக்கவும் எனக்கு நேரமிருக்கவில்லை. கார்த்திகை, அதாவது நவம்பர், முடியும்போது நான்கு கண்ணாடிகள் ஒன்றாகி, அந்த ஒன்றும் ஒரு விரலளவுதான் இறங்கியது.

ஓடிக்கொண்டே கதைப்பாள். முகம் பார்க்கத் தேவையில்லாததால் மனிதர் காருக்குள் உண்மை பேசுவார்கள், நீங்களும் போகப்போகக் காண்பீர்கள். நபீல் அலெப்போவில் காலுறை பின்னும் சிறு பட்டறை வைத்திருந்தவர். சண்டை ஓய்ந்த ஒரு நாள் போய்ப் பார்த்தபோது இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதோடு விட்டார்களா? சுவரை உடைத்து உள்ளே போன வயரையும் இழுத்து எடுத்திருந்தார்கள். துருக்கியில் அதே மாதிரி இயந்திரத்தில் இன்னொருவருக்குக் கூலிக்கு நின்றார். அவளுடைய வகுப்பில் கெட்டிக்காரியாக இருந்த பெண்பிள்ளையை, வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று பதினாறு வயதில் கட்டிக்கொடுத்தார்கள். ஆண்பிள்ளைகளைப் படைக்குப் பிடிப்பார்கள் என்று தாய்மாரே எல்லை தாண்ட அனுப்பினார்கள். தெருவில் திருமணத்துக்கு மாப்பிள்ளையும் இல்லை, கூரை திருத்த மேசனும் இல்லை. இதையெல்லாம் அவள் அழுது சொல்லவில்லை. பாடம் எடுக்கிற குரலில் சொன்னாள்.

மார்கழி பிறந்து சில நாட்களில் சிரியாவில் ஆட்சி விழுந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், இங்கேயும் சிரியர்களின் பச்சைக் கொடியோடு கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஓடின. ஹனான் அடுத்த பாடத்துக்கு வந்தபோது சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள். நாங்கள் அன்று ஓடவேயில்லை. காருக்குள் இருந்து அவள் கொண்டுவந்த பலகாரத்தைத் தின்றோம். எனக்கு உண்மையாகவே சந்தோசம்.

ரோட் ரெஸ்ற் அன்று காலை அவளை ஏற்ற அவர்களுடைய அடுக்குமாடிக்குப் போனேன். புது வருடத்துக்கு முன்னர் கிடைக்கக்கூடிய கடைசி ரெஸ்ற் அதுதான். வாசலில் ஹனான் கண் வீங்கி நின்றாள். பக்கத்தில் நபீல், கையில் ஒரு பலகாரப் பெட்டி. பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்த உடுப்போடேயே நின்றார். அவரை அன்றுதான் முதன்முதலில் கிட்டப் பார்த்தேன்.

"உங்களுக்கு நன்றி சொல்லத்தான் நிக்கிறன்," என்று பெட்டியை என்னிடம் நீட்டினார். "இனி உந்த ரெஸ்ற் தேவையில்லை. போர் முடிஞ்சுது. நாங்கள் வீட்டுக்குப் போறம்."

"எப்ப போறியள்?"

"வெயில் காலத்துக்கு முதல். எல்லாத்தையும் வித்துப்போட்டுப் போறம். அவ இப்ப வேலையில சேந்தாப் பிறகு இழுபறிதான். வேண்டாம்."

"இவர் எல்லா வருசமும் இதைத்தான் சொல்லுறவர்," என்றாள் ஹனான் என்னிடம். "வந்த முதல் வருசத்திலயிருந்து. இப்ப மட்டும் கேக்க ஆக்கள் இருக்கினம்."

அது உண்மை. முப்பது வருடம் அலெப்போவில் பட்டறைச் சரக்கு ஏற்றி வான் ஓடிய மனிதர், இங்கே ஒரு லைசென்ஸ் எடுக்கவில்லை. போகப்போகிற ஊரில் எதற்கு என்று பஸ்ஸிலேயே திரிந்தார்.

ரவிக்குப் போன் போட்டேன். முதலாளி அல்லவா, கேட்காமல் இருக்கலாமா. "அக்கா, உது குடும்ப விசயம்," என்றார். "ஏன் உதுக்குள்ள தலையைக் குடுக்கிறியள்? கான்சல் பண்ணிப்போட்டு வாங்கோ." அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்னொருவருடைய வீட்டுக்காரர் ஊருக்குப் போகலாமா இல்லையா என்று சொல்ல, ஓட்டப் பழக்குகிறவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? அவருடைய ஊர், அவருடைய வெற்றி. இத்தனை வருடம் காத்திருந்த மனிதரிடம் போய், எங்கட போர் முடிஞ்சபோதும் இப்பிடித்தான் என்று தொடங்கினால் அது அநியாயம். பேசாமல் திரும்பிப் போனால் ஹனானுக்கு அநியாயம். நேரமோ ஓடிக்கொண்டிருந்தது.

"நபீல், உங்கட மனிசி ஓடி நீங்கள் எப்பவாவது பாத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"அப்ப ஏறுங்கோ பின் சீட்டில. ரெஸ்ற் வேண்டாமெண்டா அங்க போயே சொல்லுவம். ஒருக்கா அவ ஓடுறதைப் பாத்திட்டாவது சொல்லுங்கோ."

வயதில் மூத்த பெண் கேட்டால் மறுக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்.

ஹனான் கோபத்தோடு ஓடினாள். கோபத்திலும் ஒழுங்காக ஓடினாள். பரீட்சை நிலையத்துக்குப் போகும் வீதியில் தண்ணீர்க் குழாய் வெடித்து, வீதி பனிக்கட்டியாகிக் கிடந்தது. மஞ்சள் அங்கிக்காரர் நிறுத்தற் பலகையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். ஹனான் நிறுத்தினாள், அது நிறுத்தவேண்டிய இடம். அவளுடைய உதடு அசைந்தது. கண்ணாடி அசையவில்லை. எனக்கு மனதுக்குள் கைதட்டவேண்டும் போலிருந்தது.

அப்போது என் பிடரியில் குளிர்காற்று அடித்தது. எனக்கென்று மாட்டியிருந்த பின்பார்வைக் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தேன். நபீல் தன் ஜன்னலை முழுதாக இறக்கியிருந்தார். பலகாரப் பெட்டி கீழே கிடந்தது. இரண்டு கைகளையும் முன் சீட்டின் மேல் விளிம்பில் விரல்களை விரித்து வைத்திருந்தார். முகம் அந்த வேலைக்காரரின் பக்கம் திரும்பியிருந்தது. அதில் அந்த அரைச் சிரிப்பு இருந்தது.

ஹனானும் குளிரை உணர்ந்து கண்ணாடியில் பார்த்தாள். இந்தத் தொழிலில் நான் செய்த மிக நல்ல காரியம் அந்த நேரத்தில் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான். அவள் அரபியில் ஒரு வசனம் சொன்னாள். அதன் கருத்தைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"போர் முடிஞ்சுதெண்டு நீங்கதானே சொன்னனீங்கள்? கையைக் கீழ விடுங்கோ."

நபீல் தன் கைகளைப் பார்த்தார். அவை அங்கே இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பலகை திரும்பியது, ஹனான் காரை எடுத்தாள். நிலையம் வரும்வரை அவர் ஜன்னலை மூடவில்லை. எங்களுக்குக் காது விறைத்தது. நான் மூடச்சொல்லவில்லை.

நிலையத்தில் ரெஸ்ற்றை வேண்டாமென்று சொல்லும் கதையை அவர் எடுக்கவில்லை. ஹனான் பரிசோதகரோடு புறப்பட்டுப் போனாள். நாங்கள் இருவரும் உள்ளே பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தோம். நபீல் கேட்டார்.

"உங்கட நாட்டிலயும் போர் முடிஞ்சதெண்டு ஹனான் சொன்னவ. நீங்கள் திரும்பிப் போனீங்களோ?"

அவராகக் கேட்டார். கேட்டால் சொல்லத்தான் வேண்டும், சுருக்கமாகச் சொல்லவேண்டும்.

"ஓம், போனனான். எங்கட வீட்டில வேற ஆக்கள் இருந்தவை. அவையும் எங்கயோ வீட்டை விட்டிட்டு வந்த ஆக்கள். நல்ல சனம். உள்ளுக்குக் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி தந்தவை."

"உங்கட வீட்டிலயே?"

"எங்கட வீட்டிலயே."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"குடிச்சனான். நல்ல தேத்தண்ணி எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். பிறகு அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். அந்த வீட்டைப் பற்றி நான் ஒருவரிடமும் அதுவரை சொன்னதில்லை.

ஹனான் வந்தாள். பாஸ். எப்படிப் போனது என்று கேட்டேன்.

"வழியில ரெண்டு பேர் நிண்டவை. ரெண்டு பேருக்கும் பலம் தரட்டும் எண்டனான். பரிசோதகர் கேட்டார், ஆரோட கதைக்கிறியள் எண்டு. கடவுளோட எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு அவர் ஒண்டும் கேக்கேல்லை."

பிறகு கணவன் பக்கம் திரும்பி, ஆங்கிலத்திலேயே சொன்னாள்: "நீங்கள் போய்ப் பாத்துக்கொண்டு வாங்கோ. நான் மறிக்கேல்லை. நான் வேலைக்குப் போறன்." எனக்கும் கேட்கட்டும் என்றுதான் அதை ஆங்கிலத்தில் சொன்னாள் என்று நினைக்கிறேன். நபீல் தலையை ஆட்டினார்.

சொன்னபடியே அஜக்ஸில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுடைய முதியவர்களில் இருவருக்கு இவள் வராத நாளில் சாப்பாடே இறங்காதாம். கனடாக் குடியுரிமை இருந்ததால் நபீலுக்குப் போய்வருவதில் சிக்கல் இருக்கவில்லை. வெயில் காலத்தில் போனார், இலை உதிரும்போது திரும்பி வந்தார். வந்த கிழமையே ஹனான் அவரை ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அதற்குள் நான் வேலையை விட்டிருந்தேன்.

என்ன கண்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவரே சொன்னார். "எங்கட தெருவில தேத்தண்ணி தரவும் ஆளில்லை." வீட்டின் கதவு நிலைகளும் இல்லை, நிலத்துக் கற்களும் இல்லை. நாட்டுக்குத் திரும்பும் சனமும் வருகிறது, வெளியேறக் கடவுச்சீட்டுக்கு வரிசையில் நிற்கும் பெடியங்களும் நிற்கிறார்கள். ஹனானுடைய தம்பி இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறான். ஆனால் பக்கத்துத் தெருவில் பழைய நண்பர் ஒருவர் கூரையில் சூரியத் தகடு போட்டு ஒரேயொரு பின்னல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அவரோடு கூட நின்று ஊசி மாற்றி, நூல் கொளுவி, பழைய வாடிக்கையாளர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் நபீல். எனக்கும் ஹனானுக்கும் காலுறை கொண்டுவந்திருந்தார். நல்ல காலுறை, இப்போதும் போட்டிருக்கிறேன்.

"வருசா வருசம் போவன்," என்றார். "போயிட்டுத் திரும்பி வருவன்."

வருவன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலில் கேட்பதாக ஹனான் பிறகு சொன்னாள். கோப்பையை வைத்துவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு அடுத்ததைக் கேட்டார். "எனக்கும் லைசென்ஸ் வேணும். பழக்குவீங்களோ?"

நான் றிற்றயர் ஆகிவிட்டேன், பிள்ளைகளே. கார் இல்லை, காலடியில் பிரேக்கும் இல்லை. எங்கள் பள்ளியில் நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லி, ரவியின் நம்பரைக் கொடுத்துவிட்டேன். எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டார். வரும் செவ்வாய்க்கிழமை முதல் பாடம். உங்களில் யாரிடம் அவரைத் தருவார்கள் என்று எனக்குத் தெரியாது, அதனால்தான் எல்லோருக்கும் எழுதினேன்.

உங்களைவிட அவர் நன்றாக ஓடுவார், அதற்காகக் கோபிக்காதீர்கள். வீதியில் அங்கி போட்ட ஒருவரைக் கண்டதும் நிறுத்திக் கண்ணாடிகளை இறக்குவார். பின்னால் ஹோர்ன் அடிப்பவர்கள் அடிக்கட்டும். இது கனடா என்று சொல்லாதீர்கள், உங்கள் அப்பாவின் கதையையும் சொல்லாதீர்கள். அவராகக் கண்ணாடியை ஏற்றும்வரை இருங்கள். இப்போது குளிர் கடுமையாக இருக்கிறது, தடித்த ஜக்கெற் போட்டுக்கொண்டு போங்கள்.